நீரிழிவுடன் எடைப்பயிற்சி: கிரியாட்டினின் 1.3 என்று வந்திருக்கிறது, கிரியேட்டின் பொடியை நிறுத்த வேண்டுமா?

கோத்தகிரி_கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். வயது 38, எடை 74 கிலோ. நான்கு ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு உள்ளது. காலையில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை ஒன்றும், இரவில் மெட்ஃபார்மின் மட்டும் ஒன்றும் எடுத்துக்கொள்கிறேன். முட்டை உண்பேன், இறைச்சியும் மீனும் உண்பதில்லை. கடைசியாகப் பார்த்த எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எண்) 7.4.

சில மாதங்களாக மாலை வேளையில் வேலை முடிந்ததும் ஜிம்முக்குச் செல்கிறேன். உடல் இறுகி வருவது கண்ணுக்கே தெரிகிறது என்பதால் விட மனமில்லை. ஜிம் மாஸ்டரின் சொற்படி தசை வலுவுக்கென்று நாள்தோறும் 5 கிராம் கிரியேட்டின் பொடி எடுத்து வருகிறேன். பயிற்சிக்கு முன்பு ஒரு ப்ரீ வொர்க்அவுட் பானமும் குடிக்கிறேன். இப்போது அவர், "உங்களுக்கு எடை ஏறவில்லை, மாஸ் கெயினர் போடுங்கள்" என்று எடை கூட்டும் பொடியைச் சொல்கிறார்.

இதற்கிடையில் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.3 என்று வந்தது. சென்ற ஆண்டு 1.0 ஆக இருந்தது. மருத்துவர் அறிக்கையைப் பார்த்தவுடன், "சிறுநீரகம் பாதிக்கப்படத் தொடங்கியிருக்கலாம், பொடிகள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்" என்றார். வீட்டில் மனைவி ஜிம்மையே நிறுத்தச் சொல்கிறார். நான் கிரியேட்டின் எடுப்பதை மருத்துவரிடம் தனியாகக் கூறவில்லை. அவரும் என்ன பொடி என்று கேட்கவில்லை.

இன்னொன்று. பயிற்சியின் பிற்பாதியில் சில நாட்களில் கை நடுங்குகிறது, குளிரிலும் வியர்க்கிறது. பானத்தின் வேகம்தான் அது என்கிறார் மாஸ்டர். சர்க்கரை இறங்குவதாகவும் இருக்கலாமோ என்று எனக்கு ஐயம். கிரியேட்டினைத் தொடரலாமா, மாஸ் கெயினர் வாங்கலாமா, இந்த நடுக்கத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று அனுபவமும் அறிவும் உள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குன்னூர்_ஆய்வுக்கூடம்

வணக்கம் சகோதரரே. குன்னூரில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் பணிபுரிகிறேன். மருத்துவர் அல்லேன். அறிக்கையில் உள்ள எண்ணைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தசைகளில் உள்ள கிரியேட்டின் சிறிது சிறிதாகச் சிதைந்து கிரியாட்டினினாக மாறி, இரத்தத்தின் வழியாகச் சிறுநீரகத்தை அடைந்து வெளியேறுகிறது. சிறுநீரகம் சோர்ந்தால் அது இரத்தத்தில் தேங்கும் என்பதால்தான் அதை அளக்கிறோம். ஆனால் வெளியேறுவது குறைந்தாலும் எண் உயரும், உற்பத்தி கூடினாலும் எண் உயரும். நீங்கள் பொடியாகவும் கிரியேட்டினை எடுத்து, தசையையும் வளர்த்திருக்கிறீர்கள். இரண்டும் உற்பத்தியைக் கூட்டுபவை. 1.0 இலிருந்து 1.3 வரை வந்ததற்கு அவையே காரணமாக இருக்க முடியும். "இருக்க முடியும்" என்றுதான் சொல்கிறேன், "அவைதான்" என்று சொல்லவில்லை. நான்கு ஆண்டு நீரிழிவு உள்ளவர் அந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

அறிக்கையில் இ.ஜி.எஃப்.ஆர். என்று, சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் குறிக்கும் ஒரு மதிப்பு அச்சாகியிருக்கும். அது தனியாக அளக்கப்படுவதன்று. உங்கள் வயது, பால், கிரியாட்டினின் ஆகியவற்றை ஒரு வாய்பாட்டில் இட்டுக் கணக்கிடுவது. 38 வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 1.0 என்றால் தற்போதைய வாய்பாட்டின்படி ஏறத்தாழ 99 வரும்; 1.3 என்றால் 72 என்று இறங்கிவிடும். சிறுநீரகத்தில் எந்த மாற்றமும் இல்லாமலேயே தாளில் கால் பங்கு குறைந்ததுபோல் தோன்றக்கூடும். மருத்துவர் அஞ்சியதில் வியப்பில்லை. பொடியைப் பற்றி அவருக்குத் தெரியாது.

ஐயத்தைத் தீர்க்க இரண்டு பரிசோதனைகள் உண்டு. ஒன்று சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தை இரத்தத்தில் அளப்பது. இது தசையின் அளவையோ கிரியேட்டின் பொடியையோ பெரிதாகச் சார்ந்ததன்று. மலையில் எல்லா இடங்களிலும் செய்வதில்லை. மாதிரியைக் கோவைக்கு அனுப்புவார்கள், முடிவு வர ஓரிரு நாள் ஆகும். மற்றொன்று சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம். நீரிழிவு உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியது இது. 30க்குக் கீழே இருந்தால் நிம்மதி. பலர் இதைப் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் வழக்கமான பரிசோதனைத் தொகுப்புகள் பலவற்றில் இது சேர்ந்திருப்பதில்லை. கடும் பயிற்சி செய்த மறுநாள் சிறுநீரில் ஆல்புமின் தற்காலிகமாகக் கூடும். ஆகவே ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு காலையின் முதல் சிறுநீரைக் கொடுங்கள்.

இவை முடியும் வரை கிரியேட்டினை நிறுத்துவதே நல்லது என்பது என் கருத்து. தசையில் சேர்ந்தது வடிய நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும். அதன்பின் மீண்டும் கிரியாட்டினின் பாருங்கள். பழைய நிலைக்கு இறங்கினால் பொடியின் வேலை. இறங்காவிட்டால் சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடுத்த முறை இரத்தம் கொடுக்கும்போது எடுக்கும் பொடிகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடி வளர்ச்சிக்கென்று பயோட்டின் மாத்திரை எடுப்பவரானால் அதையும் எழுதுங்கள், அது தைராய்டு முடிவையே மாற்றிக் காட்டும்.

லவ்டேல்_பளு

தம்பி, எனக்கு நீரிழிவு வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது, எடை தூக்குவது அதற்கும் முன்பிருந்தே. சகோதரி சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். சிஸ்டாட்டின் சி பார்ப்பதற்குக் கிரியேட்டினை நிறுத்த வேண்டிய தேவையே இல்லை; அந்தப் பரிசோதனையின் பயனே அதுதான். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கிரியேட்டின் தீது என்று சான்று இல்லை. 2011இல் பிரேசில் ஆய்வாளர்கள் இரண்டாம் வகை நீரிழிவாளர்களுக்குப் பயிற்சியுடன் நாளொன்றுக்கு 5 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்துப் பார்த்ததில், பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட எச்.பி.ஏ.1.சி. நன்றாக இறங்கியது, சிறுநீரகமும் கெடவில்லை. மிகச் சிறிய ஆய்வு என்பதால் அதை வைத்து மருந்தைக் குறைத்துவிட முடியாது. அஞ்சி ஓடவும் தேவையில்லை.

மாஸ் கெயினரைப் பற்றி என்னிடம் இரண்டு கருத்து கிடையாது. வாங்காதீர்கள். டப்பாவின் முன்பக்கத்தில் புரதம் என்று பெரிதாகவும், பின்பக்கத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று சிறிதாகவும் அச்சிட்டிருப்பார்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் மாவுப்பொருளிலிருந்து எடுக்கப்படுவது; வெறும் குளுக்கோஸுக்கு இணையான வேகத்தில் இரத்தச் சர்க்கரையை ஏற்றுவது. ஆனால் சட்டப்படி அது "சர்க்கரை" என்ற வரியில் வராது. அதனால் "சேர்க்கப்பட்ட சர்க்கரை மிகக் குறைவு" என்று எழுதிய டப்பாவிலும் ஒரு வேளைக்கு 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கலாம். "மொத்த கார்போஹைட்ரேட்" என்ற வரியை மட்டும் பாருங்கள். சர்க்கரை தாழ்ந்து நடுங்கும் ஒருவருக்கு நாம் கொடுப்பது 15 கிராம் குளுக்கோஸ். அதைப்போல் நாலைந்து மடங்கை, தாழ்வு ஏதும் இல்லாத நேரத்தில், பாலில் கலந்து குடிக்கச் சொல்கிறார் உங்கள் மாஸ்டர். எடை ஏறும், ஆனால் எங்கே ஏறும் என்பதை உங்கள் இடுப்புப் பட்டை சொல்லும்.

பாலிலிருந்து எடுக்கும் வே புரதம் வேறு செய்தி. ஐசொலேட் என்று விற்பதில் ஏறத்தாழ 90 விழுக்காடு புரதம், மாவுச்சத்து மிகச் சிறிது. கான்சென்ட்ரேட்டில் புரதம் 70, 80 விழுக்காடு அளவில் இருக்கும். மீதியில் பால் சர்க்கரையும் உண்டு. உணவுக்குச் சற்று முன்பு வே எடுத்தால் அந்த உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வயிறு மெல்லக் காலியாவதும், இன்சுலின் சுரப்பு தூண்டப்படுவதும் காரணங்கள்.

ஆனால் பொடிக்கு முன் தட்டைப் பாருங்கள். 74 கிலோவுக்கு, எடை தூக்கும் நாட்களில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் என்று வைத்தால் 90இலிருந்து 118 கிராம் புரதம். அதற்கு மேல் போவதால் தசைக்குக் கூடுதல் பயன் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் கூறுகிறது. முட்டை ஒன்றுக்கு 6 கிராம், 100 கிராம் பன்னீரில் 18 கிராம் அளவு, உலர்ந்த மீல்மேக்கர் 50 கிராமில் 26 கிராம். நம் ஊரில் அவரைக்குப் பஞ்சமில்லை. காய்ந்த அவரையில் நூறு கிராமுக்கு இருபதுக்கு மேல் புரதம் உண்டு, ஆனால் அதைப்போல் இரண்டரை மடங்கு மாவுச்சத்தும் உண்டு என்பதால் அவரைக் குழம்பு வைக்கும் நாளில் சோற்றைக் குறைத்துவிடுங்கள். இவ்வளவும் உண்டு இன்னும் இருபது இருபத்தைந்து கிராம் குறைகிறது என்றால் ஒரு ஸ்கூப் வே அந்த இடத்தை நிரப்பும். சிறுநீரில் ஆல்புமின் கூடுதல் என்று வந்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. மருத்துவர் கிலோவுக்கு 0.8 என்ற அளவுக்குக் கொண்டுவரக்கூடும். பி.சி.ஏ.ஏ. என்ற அமினோ அமிலப் பொடியை உங்கள் மாஸ்டர் அடுத்துச் சொல்வார். புரதம் போதுமான அளவு உண்பவருக்கு அது வீண் செலவு.

நடுக்கத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ப்ரீ வொர்க்அவுட்டில் பொதுவாக 200 மி.கி. அளவிலோ அதற்கு மேலோ காஃபீன் இருக்கும். நடுக்கம், படபடப்பு, வியர்வை எல்லாம் அதனாலும் வரும், சர்க்கரை தாழ்வாலும் வரும். உடலின் எச்சரிக்கை மணியையும் பானத்தின் ஓசையையும் பிரித்தறிய முடியாத நிலையில் உங்களை வைப்பதால், நீரிழிவு உள்ளவருக்கு அந்தப் பானமே ஆகாது என்பேன். அடுத்த முறை நடுங்கும்போது ஊகிக்காமல் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வர்க்கியும் சாக்லேட்டும் அந்த நேரத்துக்கு உதவா, அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். இன்னும் ஒன்று: ஜிம் முடிந்து இருசக்கர வண்டியில் வீடு திரும்புபவர் என்றால், சாவியைத் தொடும் முன் அளவைப் பாருங்கள். பனிமூட்டத்தில் கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று மலையில் இருப்பவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கூடலூர்_முதல்வகை

எனக்கு முதல் வகை நீரிழிவு, இன்சுலின் மட்டுமே. இதைப் படிக்கும் முதல் வகையினர் மேலே உள்ளதை அப்படியே தமக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கனமான எடையுடன் குறைந்த எண்ணிக்கையில் ஸ்குவாட்டோ டெட்லிஃப்டோ செய்தால் எங்களுக்குப் பல நேரம் சர்க்கரை இறங்காது, ஏறும். அட்ரினலின் பாய்ந்து கல்லீரல் தன்னிடமுள்ள குளுக்கோஸை வெளியே தள்ளுவதுதான் காரணம். அந்த ஏற்றத்தைக் கண்டு உடனே முழு அளவு இன்சுலின் போட்டால், தசைகள் இரவெல்லாம் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்போது நள்ளிரவில் தாழ்ந்துவிடும். ஓட்டமும் எடையும் ஒரே நாளில் செய்வதானால், எடையை முதலில் செய்யும்போது பயிற்சி நேரத்துத் தாழ்வு குறைகிறது. சர்க்கரை 250க்கு மேல் இருந்து, கீட்டோனும் (இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலப் பொருள்) காட்டினால் அன்றைக்குப் பயிற்சியே வேண்டாம்.

கையில் சர்க்கரை உணர்வி ஒட்டியிருப்பவர்கள் பெரிய அளவில் வைட்டமின் சி எடுத்தால் சில வகை உணர்விகள் பொய்யாக உயர்த்திக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போடுவது ஆபத்து.

உதகை_மருந்தாளுநர்

இங்கே கிரியேட்டினைப் பற்றியே அதிகம் பேசியாயிற்று. எனக்கு அவருடைய மருந்துச்சீட்டுதான் முதலில் கண்ணில் படுகிறது. ஐயா, கிளிமிபிரைடு என்பது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. அந்நேரத்துச் சர்க்கரை அளவு குறைவாக இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. காலையில் எடுத்தாலும் மாலை வரை வேலை செய்யும். பயிற்சியின்போது தசைகள் இன்சுலினின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை உள்ளே இழுக்கின்றன. பயிற்சிக்குப் பிறகு ஒரு நாளோ அதற்கும் மேலோ இன்சுலினுக்கு உடல் நன்றாகச் செவி சாய்க்கிறது. இரண்டும் சேரும் இடம் உங்கள் மாலைப் பயிற்சி. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் இந்தத் தாழ்வு மிக அரிது. பயிற்சி தொடங்கிய பிறகு மருத்துவரிடம் சென்று அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாறவோ வேண்டுமா என்று கேட்பதுதான் முதல் வேலை. நீங்களாக நிறுத்தக் கூடாது. ஜிம் நாட்களில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் பார்த்த அளவுகளை எழுதிக் கொண்டுபோனால் அவரால் உடனே முடிவெடுக்க முடியும்.

கிளிமிபிரைடை மாற்றி டாபாகிளிஃப்ளோசின் போன்று சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மருந்து எழுதினால், கொழுப்பைக் குறைக்கும் "கட்டிங்" என்று சொல்லி மாவுச்சத்தை அறவே விடுவதும், தண்ணீரைக் குறைப்பதும் கூடாது. அந்த வகை மருந்தில் சர்க்கரை அளவு இயல்பாகத் தோன்றும்போதே கீட்டோன் ஏறி உயிருக்கு ஆபத்தாக முடியும். குமட்டல், வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் சர்க்கரை 150 தானே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். இறைச்சி உண்ணாதவருக்குக் கூடுதலாகக் குறைய வாய்ப்பு உண்டு. கால் மரத்துப்போவதை நீரிழிவின் நரம்புப் பாதிப்பு என்று எல்லோரும் எண்ணிவிடுவார்கள். பி12 அளவைப் பாருங்கள். நீங்கள் வாங்கும் டப்பாக்களில் உண்மையில் தேவைப்படக்கூடியது இந்த மலிவான மாத்திரையாக இருக்கலாம்.

சிறுகுறிஞ்சான் பொடி, பாகற்காய்ச் சாறு, வெந்தயம் என்று வீட்டில் யாராவது சேர்த்துக் கொடுக்கிறார்களா? கிளிமிபிரைடுடன் சேரும்போது அவையும் தாழ்வுக்குத் துணை போகலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கிரியேட்டினைப் பொறுத்தவரை நான் குன்னூர் சகோதரியின் பக்கம். லவ்டேல் அண்ணன் சொல்வது அறிவியல்படி சரி. ஆனால் சிறுநீர் ஆல்புமினை இதுவரை பார்த்ததாக இவர் எழுதவில்லை. பார்க்காதவர் நிறுத்திவிட்டுப் பார்ப்பதில் இழப்பு ஏதும் இல்லை. டப்பா வாங்கும் இடத்திலும் கவனம் வேண்டும். 2024இல் இந்தியச் சந்தையின் 36 புரதப் பொடிகளைச் சோதித்த ஆய்வில் 70 விழுக்காட்டளவில் விவரச்சீட்டில் உள்ள புரத அளவு உண்மைக்கு மாறாக இருந்தது. உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் அடிப்படைத் தேவை மட்டுமே, தரத்துக்கு உறுதி அன்று. ஜிம்மில் யாராவது ஊசி என்று பேச்செடுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் வேலையைக் கெடுக்கும், தசைக்கென்று இன்சுலினையே போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள், அது கோமாவுக்கான வழி.

கோத்தகிரி_கணக்கர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று பானம் குடிக்காமல் பயிற்சி செய்து, நடுக்கம் வந்தபோது பார்த்தேன்: 62. சொன்னபடி சர்க்கரை நீர் குடித்து, அளவு ஏறிய பிறகே வீட்டுக்குக் கிளம்பினேன். மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னேன். கிளிமிபிரைடை இப்போதைக்கு நிறுத்தி, அளவுகளுடன் நேரில் வரச் சொன்னார். கிரியேட்டின் எடுத்ததையும் சொல்லிவிட்டேன். சிறுநீர்ப் பரிசோதனைக்கு அவரே எழுதுவதாகச் சொன்னார்.

இரண்டு ஐயங்கள் மட்டும். சென்ற வாரம் காலையில் வண்டிப் பெட்டியில் இருந்த சர்க்கரை அளக்கும் கருவி பிழை என்று காட்டியது; பழுதா? இரண்டாவது, டெட்லிஃப்டில் எடையைக் கூட்டப் போகிறேன், அதற்கு முன் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

லவ்டேல்_பளு

நல்லது தம்பி. கருவி பழுதாகியிருக்காது. பெரும்பாலான கருவிகள் 10 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது. மார்கழி, தை மாதக் காலையில் நம் வண்டிப் பெட்டிக்குள் அதைவிடக் குளிர். சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைப் பட்டைகள் உள்ள குப்பியை, ஒன்றை எடுத்தவுடன் மூடிவிடுங்கள், மூடுபனியின் ஈரம் பட்டையைக் கெடுக்கும். விரல் விறைத்திருந்தால் வெந்நீரில் கழுவித் துடைத்த பிறகு குத்துங்கள்.

எடையைக் கூட்டும் முன் கண் மருத்துவரிடம் சென்று, பாவையை விரியச் செய்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். புதிய இரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால், மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கும்போது ஏறும் அழுத்தத்தில் கண்ணுக்குள் கசிவு ஏற்படலாம். அப்படி இருந்தால் அதற்குச் சிகிச்சை முடியும் வரை கனமான டெட்லிஃப்ட் கூடாது. இல்லை என்றால் தூக்கும்போது மூச்சை வெளியே விட்டுப் பழகுங்கள். சொட்டு மருந்து விட்ட அன்றைக்குச் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வண்டியை எடுத்துச் செல்லாமல் பேருந்தில் போங்கள்.